மாதுளம் ஓட்டு மாத்திரையும் சண்முகத்தாயும்

"பங்கேற்பாளர்: பெண். தொழில்: பட்டாசு ஆலைக் கூலி. ஆய்வு பற்றிய விளக்கத்தைக் கேட்டு, முழுமையாகப் புரிந்துகொண்டு, எவ்வித ஐயமும் இன்றித் தன் சொந்த விருப்பத்தின் பேரில் சம்மதித்துள்ளார். மருந்தை அறிவுறுத்தியபடி தவறாமல் உட்கொள்பவர். ஒத்துழைப்பு: மிக நன்று."

மாதுளம் ஓட்டிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருள் வயிற்றுப்போக்கை நிறுத்துமா என்று சோதித்துப் பார்த்த ஆராய்ச்சிக் குழு, சண்முகத்தாயைப் பற்றி எழுதி வைத்திருப்பது இவ்வளவுதான். வெம்பக்கோட்டை அணைக்குக் கொஞ்சம் தள்ளியிருக்கும் அவளுடைய ஊரில் போய் இதை வாசித்துக் காட்டினால், "எவ்வித ஐயமும் இன்றி" என்ற இடத்தைத் தாண்ட விட மாட்டார்கள். அதற்குள் சிரித்துவிடுவார்கள்.

சண்முகத்தாய்க்கு ஐயம் என்பது வந்து போகிற சங்கதி இல்லை. கண், காது, மூக்கு போல அதுவும் கூடப் பிறந்தது. விருதுநகரில் நிற்கிற பஸ்ஸில் 'சிவகாசி' என்று பலகை போட்டிருந்தாலும், ஏறியதும் கண்டக்டரிடம் ஒருமுறை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் ஒருமுறை, திருத்தங்கல் தாண்டியதும் ஜன்னல் வழியாக இன்னொரு முறை உறுதி செய்துகொள்வாள். கொரோனாத் தடுப்பூசியை ஊரே போட்டு முடிக்கும் வரை காத்திருந்து, போட்டவர்கள் நடமாடுவதைத் தூரத்தில் நின்று நோட்டம் பார்த்த பிறகுதான் கையை நீட்டினாள். கை வலிக்கவில்லை. எல்லோருக்கும் வலித்ததே, தனக்கு மட்டும் வெறும் தண்ணீரைப் போட்டுவிட்டார்களோ என்று அதற்கும் ஒரு சந்தேகம். கணவன் முனியசாமி கல்யாணமான புதிதில் அவளுக்கு ஆசையாக ஒரு புடவை எடுத்து வந்தான். "இப்ப எதுக்கு?" என்று அவள் கேட்ட கேள்விக்கு அவன் இன்னும் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறான்.

இப்படிப்பட்டவள் வாரத்தில் ஆறு நாள் பூச்சட்டி, அதாவது புஸ்வாணம், செய்யும் அறையில் போய் உட்கார்ந்தாள் என்பதுதான் வேடிக்கை. அங்கே ஒரு கை கொஞ்சம் தவறினால் சந்தேகப்படக்கூட ஆள் மிஞ்சாது. அந்த அறையில் அவளும் பொன்னுத்தங்கமும் ஜோடி. ஒருத்தி காகிதக் கூம்பில் கலவையை அடைப்பாள், மற்றவள் மண் வைத்து அடியை இறுக்குவாள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கணக்கு, கூலி சரிபாதி. ஒருத்தி நடுவில் எழுந்து போனாலும், தலைவலி என்று சுவரில் சாய்ந்தாலும், பாதி பாதிதான். யார் கூடச் செய்தது, யார் குறையச் செய்தது என்று பேச ஆரம்பித்தால் ஜோடி உடைந்துவிடும். ஜோடி உடைந்தவளை அடுத்த அறையில் யாரும் எளிதில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் அந்தப் பக்கத்துப் பெண்களுக்குப் பாதி பிரிப்பது கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது. கொண்டுவந்த குழம்பு, வாங்கிய வடை, கிடைத்த திட்டு எல்லாம் இரண்டாகத்தான் போகும். உலகத்தில் சண்முகத்தாய் முதுகைக் காட்டி உட்கார்ந்தது பொன்னுத்தங்கத்திடம் மட்டும்தான்.

பொன்னுத்தங்கம் வேறு ஜாதகம். அவளுக்கு எல்லாரும் நல்லவர்கள். யார் எதைக் கொடுத்தாலும் வாங்கி வாயில் போட்டுவிட்டுத்தான் என்னவென்று கேட்பாள்.

புரட்டாசி மழையில் ஓடைப்பக்கம் குடிதண்ணீர்க் குழாய் உடைந்தது. உடைந்தது தெரிவதற்குள் சண்முகத்தாய், பொன்னுத்தங்கம் உட்படத் தெருவில் பாதிப் பேருக்கு வயிற்றால் போக ஆரம்பித்துவிட்டது. தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல் நிற்கிற நேரம். கம்பெனி வேன் காலையில் வந்து ஹார்ன் அடிக்கும். ஏற வேண்டியவர்கள் செம்பைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடுவார்கள். அந்தச் சமயத்தில்தான் சமுதாயக் கூடத்தில் ஆராய்ச்சிக் குழு வந்து மேஜை நாற்காலி போட்டது.

குழுவுக்குத் தலைமை டாக்டர் கீர்த்திகா. விருதுநகரில் பருப்பு மண்டி வைத்திருக்கிற குடும்பத்துப் பெண், மேற்படிப்புக்காக இந்த ஆய்வை எடுத்திருந்தாள். நல்ல பெண்தான், குழந்தைகளிடம் கூட 'நீங்க' போட்டுப் பேசுவாள். படித்த பேச்சுத்தான் வாயில் வரும், கோபமோ பதற்றமோ வந்தால் மட்டும் மண்டிப் பேச்சு எட்டிப் பார்க்கும். அவளுக்கு உதவியாக வெள்ளைத்துரை என்ற ஒருவர் இருந்தார். சம்மதப் பத்திரத்தை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவது அவர் வேலை. பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி வாசிப்பார்.

சண்முகத்தாய் எட்டாவது வரை படித்தவள். அவர் வாசித்ததை நம்பாமல் பத்திரத்தை வாங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கடைசி வரி வரை தானே படித்தாள். 'எவ்வித ஐயமும் இன்றி' என்பது ஏற்கெனவே அச்சாகி இருந்தது. பத்திரம் அச்சகத்திலிருந்து கிளம்பும்போதே அவளுடைய ஐயத்தைத் தீர்த்துவிட்டிருந்தார்கள். 'விருப்பமில்லாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்' என்ற வரிதான் அவளை ரொம்பவும் உறுத்தியது. வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறோம் என்று சொல்லி இதுவரை யாரும் அவளுக்கு எதையும் கொடுத்ததில்லை.

கீர்த்திகா பொறுமையாக விளக்கினாள். உப்புச் சர்க்கரைப் பொட்டலம் எல்லாருக்கும் உண்டு, அதைத் தண்ணீரில் கரைத்து விடாமல் குடிக்க வேண்டும். அதோடு ஆளுக்கொரு டப்பா மாத்திரை. சில டப்பாவில் மாதுளம் ஓட்டுச் சத்து இருக்கும். சிலவற்றில் பார்வைக்கு அதே மாதிரி, உள்ளே வெறும் மாவு. யாருக்கு எது என்பது தனக்கே தெரியாது. டப்பாவின் மேல் எண் மட்டும்தான் இருக்கும், அந்த எண்ணுக்குரிய விவரம் சென்னையில் முத்திரை போட்டு வைக்கப்பட்டிருக்கிறது. அப்படி வைத்தால்தான் மருந்து வேலை செய்கிறதா, இல்லை மருந்து சாப்பிட்டோம் என்ற நினைப்பு வேலை செய்கிறதா என்று கண்டுபிடிக்க முடியும்.

"குடுக்கிற ஒங்களுக்கே தெரியாதா?" என்று சண்முகத்தாய் கேட்டாள்.

"தெரியாதுக்கா. தெரியக் கூடாது."

"மாதுளம் ஓடுதான? எங்க வீட்டுப் பின்னால கெடக்கு. அதுக்கு எதுக்கு மெட்ராஸ்ல முத்திரை?"

கீர்த்திகா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பும் சண்முகத்தாயின் மனக்கணக்கில் ஏறியது. கடைக்காரன் தன் சரக்கில் என்ன இருக்கிறதென்று தெரியாது என்றால், ஒன்று அவன் பொய் சொல்கிறான், இல்லை அவனிடம் யாரோ பொய் சொல்லியிருக்கிறார்கள். அவள் அறிவுக்கு மூன்றாவது வழி எட்டவில்லை. வாழ்க்கையில் முதல்முதலாக ஒருத்தி உள்ளது உள்ளபடி வந்து சொன்னாள். சண்முகத்தாய் நம்பாமல் போனது அவளைத்தான்.

விலகியிருப்பாள். ஆனால் பொன்னுத்தங்கம் அதற்குள் கையெழுத்துப் போட்டு, டப்பாவை மடியில் கட்டி, உப்புச் சர்க்கரைத் தண்ணீரில் முதல் டம்ளரைக் குடித்தும் முடித்திருந்தாள். ஜோடியைத் தனியாக விட மனம் வராமல் சண்முகத்தாயும் போட்டாள்.

பொன்னுத்தங்கத்தையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் இரண்டு டப்பாவையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தாள். ஒரே நிறம், ஒரே கனம். மோந்தாள். ஒரே மணம், அதாவது மணமே இல்லை. இரண்டில் ஒன்று பொய்யாக இருக்கலாம். தனக்கு நிசம் வந்து பொன்னுத்தங்கத்துக்கு மாவு வந்துவிட்டால் அவள் படுத்துவிடுவாள், மாறி வந்தால் தான் படுத்துவிடுவோம். யார் படுத்தாலும் அறையில் ஜோடி இல்லை, சீசன் போச்சு. இந்தச் சிக்கலுக்குக் கம்பெனியில் ஒரு வழி உண்டு. கலவை சீராக இருந்தால் எல்லாப் பூச்சட்டியும் ஒரே மாதிரி பூக்கும். அவள் ஒரு சம்படத்தை எடுத்து இரண்டு டப்பா மாத்திரையையும் அதில் கொட்டினாள். மூடிக் குலுக்கினாள். பிறகு எண்ணிச் சரிபாதியாகப் பிரித்து அந்தந்த டப்பாவில் திரும்பப் போட்டு மூடினாள்.

"இப்ப எது வந்தாலும் பாதி பாதி," என்றாள்.

"போடச் சொன்னா போட வேண்டியதுதானக்கா. எதுக்கு இம்புட்டு?" என்றாள் பொன்னுத்தங்கம்.

மறுநாள் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் லாரிக்கு நின்ற இடத்தில் இந்த யோசனை தெருவுக்கு எட்டியது. யாரும் ஆச்சரியப்படவில்லை. இவ்வளவு நேரம் தோன்றாமல் போயிற்றே என்றுதான் வருத்தப்பட்டார்கள். அன்று மாலைக்குள் ஜோடி இருந்தவர்கள் எல்லாரும் கொட்டிக் கலந்து பிரித்துக்கொண்டார்கள். வெள்ளைத்துரை தினமும் வந்து டப்பாவைத் திறந்து மீதி மாத்திரையை எண்ணுவார். எந்த வீட்டிலும் ஒன்றுகூடக் குறையாது, அதிகமாகவும் இருக்காது. இவ்வளவு கட்டுப்பாடான ஊரைத் தான் பார்த்ததே இல்லை என்று அவர் கீர்த்திகாவிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். 'ஒத்துழைப்பு: மிக நன்று' என்பது அந்த மகிழ்ச்சியில் விழுந்ததுதான்.

சண்முகத்தாய்க்கு வயிறு கட்டிக்கொண்டு வந்தது. பொன்னுத்தங்கத்துக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் ஒரு நாள் காலை எழுந்து பார்த்தபோது பொன்னுத்தங்கத்தின் உதடு தடித்து, கண் இரண்டும் இடுங்கி, கையெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்திருந்தது. சண்முகத்தாய் வேனை விட்டுவிட்டு அவளைச் சமுதாயக் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஒருவருக்கு இப்படி ஏதாவது வந்தால் முத்திரையை உடைத்துப் பார்க்கலாம் என்று விதி இருந்தது. கீர்த்திகா சென்னைக்குப் போன் போட்டாள். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. அவள் முகத்தில் தெளிச்சி வந்தது.

"ஒண்ணும் பயப்படாதீங்க. உங்க டப்பாவில இருந்தது வெறும் மாவுதான். இது மாத்திரையால வந்ததே இல்ல," என்று பொன்னுத்தங்கத்திடம் சொன்னாள். கம்பெனியில் எந்த வேலை, கலர்ப் பொடி மேலே படுமா என்று விசாரித்தாள். தோலைத் தடிக்கச் செய்யும் ஏதோ ஒரு பொடிதான் காரணம் என்று முடிவுக்கு வந்தாள். அரிப்புக்கு ஒரு மாத்திரை கொடுத்தாள். ஆய்விலிருந்து விலக்கிவிட்டதாகவும், தோல் டாக்டர் பார்த்துச் சொல்லும் வரை வேலைக்குப் போகக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினாள்.

 திரும்பி வரும் வழியில் சண்முகத்தாய்க்கு முதலில் தோன்றியது வழக்கமாகத் தோன்றுவதுதான். தப்பிக்கப் பார்க்கிறார்கள். முகம் வீங்கினதும் போனைப் போடுவது போலப் போட்டு, மாவு என்று சொல்லிவிட்டார்கள். பழியைத் தூக்கிக் கம்பெனிப் பொடி மேல் போட்டாயிற்று. இந்த நினைப்பு அவளுக்கு ரொம்ப வசதியாக இருந்தது. பொன்னுத்தங்கத்தின் வீட்டுக்குள் போய், பாயை விரித்து அவளைப் படுக்க வைக்கும் வரை வசதியாகவே இருந்தது.

படுத்தவள் எழுந்து, யாரும் திரும்பக் கேட்காததால் வீட்டிலேயே கிடந்த டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்தாள்.

"என்னட்டி செய்யுத?"

"வயிறு இன்னும் முறுக்குதுக்கா. மாவுதான, டாக்டரம்மாவே சொல்லிட்டாக. கெடக்கட்டும்னு போடுதேன்."

பேசும்போது அவள் குரலில் ஏதோ கரகரத்தது. மூச்சை ஒரு முறை இழுத்து நிறுத்தி, மறுபடி இழுத்தாள்.

சண்முகத்தாய் அந்த மாத்திரையைப் பிடுங்கினாள். கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். டாக்டரம்மா பொய் சொல்லியிருந்தால் இதில் நிசமான மருந்து இருக்கும். நிசம் சொல்லியிருந்தாலும் இதில் நிசமான மருந்து இருக்கலாம், ஏனென்றால் இது சண்முகத்தாயின் டப்பாவிலிருந்து வந்ததாக இருக்கலாம். எந்தப் பக்கம் திருப்பினாலும் கணக்கு ஒரே இடத்தில் வந்து நின்றது. ஊரில் உள்ள அத்தனை பேர் மேலும் அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. தன் மேல் வந்தது அன்றைக்குத்தான். அது அவளுக்குப் பழக்கமில்லாததால் எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை.

சொல்லாமல் இருக்கக் காரணங்கள் வரிசையாக வந்தன. சொன்னால் தெருவையே குற்றவாளி ஆக்குவார்கள். மருந்தை வீணாக்கினாய் என்று சூலக்கரைக்கு, கலெக்டர் ஆபீஸுக்கு இழுப்பார்கள். இனி இந்தப் பக்கம் எந்த டாக்டரும் வர மாட்டார். மாத்திரையைத்தான் பிடுங்கியாயிற்றே, இனிமேல் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். இந்தக் கடைசிக் காரணம்தான் எல்லாவற்றிலும் இதமாக இருந்தது. இதமாக இருந்ததாலேயே அவளுக்கு அதன் மேல் சந்தேகம் வந்தது. கணவன் முனியசாமியைக் கூப்பிட்டு, இவளைப் படுக்க விடாமல் உட்கார வைத்துப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் சமுதாயக் கூடத்துக்கு ஓடினாள்.

கீர்த்திகா சாப்பிட உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டரம்மா, பொன்னுத்தங்கத்துக்கு மாவுன்னு நெசமாத்தான் சொன்னீகளா?"

"நிஜமாத்தான்க்கா. நான் எதுக்குப் பொய் சொல்லணும்?"

"அப்ப அவ தின்னது மாவு மட்டும் இல்ல."

கீர்த்திகா டிபன் பாக்ஸை மூடினாள். "என்ன சொல்றீக?"

"என் டப்பாவையும் அவ டப்பாவையும் ஒண்ணாக் கொட்டிக் கலந்துட்டேன். பாதி எனக்கு, பாதி அவளுக்கு. இப்ப அவளுக்கு மூச்சு எளைக்கி."

அந்தப் பெண்ணை ஒன்றுக்காகப் பாராட்ட வேண்டும். ஏன் செய்தாய் என்று அவள் கேட்கவில்லை. ஊசி மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வெள்ளைத்துரையை நூற்றெட்டுக்குப் போன் செய்யச் சொல்லிவிட்டு, சண்முகத்தாய்க்கு முன்னால் தெருவில் ஓடினாள். சோற்றுக் கையோடு ஓடினாள். பொன்னுத்தங்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து காற்றைத் தேடிக்கொண்டிருந்தாள். கீர்த்திகா தொடையில் ஊசி போட்டாள். வண்டி வந்து சேருவதற்குள் பொன்னுத்தங்கத்துக்கு மூச்சுத் திணறல் கொஞ்சம் தணிந்திருந்தது.

சிவகாசிக்குப் போகும் வழியில், வண்டிக்குள், பொன்னுத்தங்கம் கண்ணை மூடிப் படுத்திருக்க, கீர்த்திகா கேட்டாள்.

"எதுக்குக்கா கலந்தீக?"

"ஒண்ணு நெசம், ஒண்ணு பொய்னு சொன்னீக. எது யாருக்குன்னு ஒங்களுக்கே தெரியாதுன்னீக. அவளுக்குப் பொய் வந்து, நான் மட்டும் தேறி, நான் யாரு கூட வேலை பாக்க?"

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல. நான் கேட்டிருப்பேன்ல."

"நீங்க கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டேன்."

 தெருவில் வேறு யாராவது இப்படிச் செய்தார்களா என்று கீர்த்திகா கேட்டாள். ஜோடி இருக்கிறவர்கள் எல்லாரும் என்றாள் சண்முகத்தாய்.  கீர்த்திகாவின் அத்தனை நாள் பாடு அந்த ஒரு வாக்கியத்தில் போய்விட்டது என்பது சண்முகத்தாய்க்கும் விளங்கியிருந்தது. பக்கத்தில் இருந்தவளைப் பார்க்காமல் அவள் பொன்னுத்தங்கத்தின் காலைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மாதுளம் ஓட்டுச் சத்து சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதை ஆஸ்பத்திரியில் உறுதி செய்தார்கள். பொன்னுத்தங்கம் அவர்களில் ஒருத்தி. கம்பெனிப் பொடி குற்றமற்றது என்று ஆனது. பட்டாசுக் கம்பெனிப் பொடிக்கு இப்படி ஒரு நற்சான்று கிடைத்தது அந்த வட்டாரத்தில் எல்லாருக்குமே புதிது. அவள் தேறி வந்து, தீபாவளிக்கு முன்னால் மறுபடி அறையில் உட்கார்ந்தாள். தெருவை ஆராய்ச்சிக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். பிறகு வேறு ஊரில் ஆய்வைத் தொடங்கியபோது, "வேலையில உங்க ஜோடி யாரு?" என்றுதான் கீர்த்திகா முதலில் கேட்டாளாம். ஜோடியாக வருகிற இரண்டு பேருக்கும் மருந்தோ மாவோ ஒரே வகையாகக் கிடைக்கும்படி சென்னையில் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் வந்திருந்தாளாம்.

மாதுளம் ஓடு வயிற்றைக் கட்டுமா என்ற கேள்விக்கு அந்தத் தெருவால் பதில் சொல்ல முடியவில்லை. சண்முகத்தாய்க்குக் கட்டியது பாதி மருந்தாலா, பாதி மாவாலா என்று கேட்டால், இரண்டாலும் இல்லை என்பாள். அந்த உப்புச் சர்க்கரைத் தண்ணீர்தான் நிசமான மருந்து, மற்றதெல்லாம் அதை ஒழுங்காகக் குடிக்க வைக்கச் செய்த ஜோடனை என்பது அவளுடைய இப்போதைய சந்தேகம். அது அவ்வளவு மோசமான சந்தேகம் என்று சொல்வதற்கில்லை.

ஆராய்ச்சிக்காரர்கள் கொடுத்த இரண்டு டப்பா மாத்திரையைச் சண்முகத்தாய் அவர்களுக்குத் தெரியாமல் ஒன்றாகக் கலந்து, தன் ஜோடிக்கும் தனக்கும் சரிபாதியாகப் பிரித்தாள். அதனால் ஜோடிக்கு மூச்சு முட்டியபோது, யாரும் கேட்பதற்கு முன்னால் தானே ஓடிப்போய் அதைச் சொன்னாள்.